காலியாக விடக் கூடாத போஸ்டர்

வேம்புலிக்குப் பொய் சொல்ல வேண்டுமென்றால் இதைவிட நன்றாகச் சொல்லத் தெரியும். நெமிலிச்சேரி ஸ்டேஷன் ரோட்டில் இருபத்தைந்து வருடம் கடை நடத்தியவர். வெயிலில் வெளுத்துப்போன கல்யாணப் பத்திரிகை அட்டையை, 'இப்ப இதான் புது கலரு' என்று சொல்லி விற்ற மனுஷன். லாபமில்லாத பொய்யை எந்த வியாபாரியும் சொல்ல மாட்டான். இந்தச் சங்கதியைச் சொன்னதால் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. இருந்த வாடிக்கையில் பாதி போனதுதான் மிச்சம். அதனால் நம்பலாம். இந்த வைகாசியில், பட்டப்பகலில், அவர் கடைக்குள்ளேயே நடந்தது.

கடையின் பெயர் அனு டி.டி.பி. சென்டர். அனு என்பது அவர் மனைவி அனுசுயா. வாய் அவருடையது, கை அவளுடையது. கடை அப்படித்தான் ஓடியது. வேம்புலி கல்லாவில் உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசுவார். அனுசுயா பின்பக்கம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அடிப்பாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த கை. கீபோர்டை அவள் தட்டியதே இல்லை. அடிப்பாள். எதிர்சாரி டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவனுக்குக் கேட்கும்.

பத்திரிகை, காதுகுத்து, கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாம் அடித்தாலும், கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். அடியில் வரும் நாலு வரியை அனுசுயாவே எழுதுவாள். ஒருத்தருக்கு எழுதியதை இன்னொருத்தருக்குப் போட மாட்டாள். "செத்தா அனு கடை போஸ்டர் கெடைக்கணும்பா" என்று பட்டாபிராம் பக்கம் பெரிசுகள் பேசிக்கொள்ளும்.

அஞ்சலிக்கு யாரும் பேரம் பேசுவதில்லை. வேம்புலிக்கு அதில் மனக்குறை. "கேட்டத குடுத்துட்டுப் போயிடறாங்க அனு. ஒரு வார்த்த கொறைக்கச் சொன்னா இன்னா? எனக்கே திருடன் மாதிரி கீது."

அனுசுயா நேர்மாறு. நசரத்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பிரிண்ட் போடும் சித்ராவிடம் போனால், சேலை எடுக்க வந்தவள் மாதிரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தான் சொன்ன விலைக்குப் படியாமல் அங்கிருந்து ஒரு ஃப்ளெக்ஸ் வந்ததில்லை.

அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. அஞ்சலி போஸ்டருக்கு ஒரே ஃபைல். அடுத்த சாவு வரும்வரை கடைசியாய்ச் செத்தவர் பெயர் அதில் அப்படியே இருக்கும். புது ஆள் வந்ததும் பழைய பெயரை அழித்த கையோடு புதுப் பெயரை அடித்துவிடுவாள். நடுவில் டீ குடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

"காலியா உட்டா அது பேர் தேடும் மாமா."

"கம்ப்யூட்டரு தேடுமா? அதுக்கு இன்னா பொண்ணு பாக்கணுமா?" என்பார் வேம்புலி.

இன்னொன்று. பெயர் அடிப்பாள், ஊர் அடிப்பாள், வயது வரும்போது மட்டும் கை நிற்கும். சீட்டில் எழுதியிருந்தாலும் அவள் பார்க்க மாட்டாள். "மாமா, வயசு இன்னா?" என்று பின்னாலிருந்து கேட்பாள். அவர் கல்லாவிலிருந்தே சொல்வார். பிறகு கேள்வியும் நின்றுபோயிற்று. சத்தம் நின்றால் வயது என்று அவருக்குத் தெரியும். தானாக வாய் சொல்லிவிடும்.

ராத்திரி கடை சாத்தும்போது, "நீ முன்னால நடந்துகினே இரு, நா ஷட்டர் போட்டுட்டு வர்றேன்" என்பார். அவள் மெதுவாக நடப்பாள். ரயில்வே கேட்டுக்கு முன்னால் பிடித்துவிடுவார்.

போன வருடம் ஆனி மாதம் வேம்புலிக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். டாக்டர் முகம் சரியில்லை. காலையில் வரவேண்டிய அனுசுயா சாயங்காலம்தான் வந்தாள்.

"இன்னா இவ்ளோ நேரம்?"

"நசரத்பேட்ட வரிக்கும் போயிருந்தேன் மாமா. ஒரு பேரம்."

"படிஞ்சுதா?"

"படிஞ்சிச்சி. நீ தூங்கு."

அவள் விரல் நுனியெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. "இன்னா, பேரத்துல அடிதடியா?" என்று சிரித்தார். முந்தானையில் கையை மறைத்துக்கொண்டாள். மறுநாளே அவருக்கு உடம்பு தேறிற்று. டாக்டருக்கே ஆச்சரியம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் விடிந்தபோது அனுசுயா எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டாள். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருக்கு வந்தது, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளை எடுத்துக்கொண்டு போயிற்று.

அவள் தம்பி கஜபதி ஆவடி டாங்க் ஃபாக்டரியில் வேலை. செய்தி கேட்டு ஓடிவந்தவன் முதலில் கடையைத் திறந்தான். கல்லா ஓரம் அக்காவின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் தயாராகச் சுருட்டி நின்றது. மாமா விடியற்காலையே யாரையோ பிடித்து அடித்துவிட்டார் என்று நினைத்து, தெருமுனையில் கட்டினான். கஜபதி அடித்துக்கொண்டு வந்தான் என்று வேம்புலி நினைத்தார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அதில் படக் கட்டத்துக்குள் இருந்த அவள் முகத்தை வேம்புலி நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

காரியம் முடிந்து ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். நல்ல ஃப்ளெக்ஸை யார் எறிவார்கள்? முகம் உள்பக்கம் இருக்கும்படி மடித்து, அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மேல், கீபோர்டோடு சேர்த்துப் போர்த்தினார். அதற்குப் பிறகு கடையில் ஜெராக்ஸ் மட்டும்தான்.

ஒரு வருடம் நெருங்கிற்று. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வேண்டும். வேம்புலிக்கு ஒரே பிடிவாதம். அடியில் வரும் நாலு வரி அவள் எழுதியதாக இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் எழுதியவளுக்கு எவனோ எழுதியதைப் போடுவதா?

அவள் எழுதியதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. கடைசிவரை மாற்ற விடவில்லை அவள். சுவிட்சைப் போட்டார். 'பட்' என்று ஒரு சத்தம். புகை.

ஆவடி மார்க்கெட்டில் லேப்டாப் சர்வீஸ் செய்யும் ஸ்ரீகாந்திடம் அதன் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஃப்ளெக்ஸைப் பழையபடியே போர்த்தி வைத்தார். நாலு நாளில் அவன் ஒரு லேப்டாப்போடு கடைக்கு வந்தான்.

"அண்ணா, பழைய ஃபைல் எதுவும் புது சிஸ்டத்துல தெறக்காது. அந்த ஃபான்ட்டும் வராது. அதனால உங்க பழைய கம்ப்யூட்டரையே இதுக்குள்ள ஓட உட்டுட்டேன். விர்ச்சுவல் மெஷின்னு சொல்லுவாங்க. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்."

"உள்வாடகைக்கு உட்டா மாதிரி."

"அதேதான். உள்ள கீறவருக்கு வெளில ஒரு ஊடு கீதுன்னே தெரியாது."

"வாடகை குடுக்காம இருந்தா சரி."

ஸ்ரீகாந்த் சிரித்தான். "நெட்டு குடுக்கல. உள்ளேர்ந்து எதுவும் வெளிய போவாது, வெளியேர்ந்து எதுவும் உள்ள வராது. தப்பா எதுனா அமுக்கிட்டீங்கன்னா இந்த பட்டன். இன்னைக்கி நா குடுத்த நெலைமைக்கே திரும்பிடும். எத்தினி வாட்டி வேணாலும். உங்க அஞ்சலி ஃபைலக் கூட தெறந்து பாத்துட்டேன். ராமன்னு ஒரு பெரியவர் பேரு கீது."

ஆமாம். செருப்புக் கடை ராமன். வேம்புலி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் வாரம் செத்தவர். அதுதான் கடைசி போஸ்டர். ஸ்ரீகாந்த் ஃபைலைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பினான்.

உச்சி வெயில். மணி பன்னிரண்டே கால். வேம்புலி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார்.

புது லேப்டாப்பின் நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் அந்தப் பழைய நீலம், பழைய சாம்பல் பட்டை, அனுசுயா வரிசையாக வைத்த சின்னச் சின்னப் படங்கள். ஒரு வருடம் கழித்து அவள் அறைக்குள் எட்டிப் பார்ப்பது போலிருந்தது. நடுவில் ராமன் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண் கரித்தது. மவுஸை விட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

துண்டை எடுத்தபோதுதான் கவனித்தார். வெளி லேப்டாப்பின் அம்பு ஓரமாக, அவர் விட்ட இடத்தில் நின்றது. உள்ளே இன்னொரு அம்பு இருந்தது.

அது நகர்ந்தது.

மவுஸைப் பார்த்தார். யாரும் தொடவில்லை.

உள்ளே இருந்த அம்பு ராமன் பெயருக்குப் பக்கத்தில் போய் நின்றது. ன் போயிற்று. ம போயிற்று. ரா போயிற்று. சத்தமில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே இடைவெளி... கடிகார முள் மாதிரி. ராமனின் படமும் போயிற்று.

போஸ்டர் காலி.

'காலியா உட்டா அது பேர் தேடும்.'

வேம்புலி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

வே... ம்... பு... லி.

அதே இடைவெளி. அதே நிதானம். படக் கட்டத்தில் அவர் முகம் வந்தது. வயது ஐம்பத்தெட்டு என்று வந்தது. அந்தக் கை யாரையும் கேட்கவில்லை. அதற்குத் தெரிந்திருந்தது. கடைசியாக, மறைந்த தேதி.

தேதியை அவர் இரண்டு தரம் படித்தார். போன வருடம். ஆனி மாதம்.

அனுசுயா செத்த தேதி.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டக். டக் டக். டக்.

லேப்டாப்பிலிருந்து அல்ல. பின்னாலிருந்து. ஃப்ளெக்ஸ் போர்த்திய மேஜையிலிருந்து.

டக் டக் டக் டக்...

திரும்பினார். ஃப்ளெக்ஸ் துடித்துக்கொண்டிருந்தது. கீபோர்டு இருக்கும் இடத்தில், துணிக்கடியில் எலி ஓடுவது போல. அது எலி இல்லை. அந்த அடியை இருபத்தைந்து வருடம் கேட்டவருக்குத் தெரியாதா?

"அனு?"

திரையில் வேம்புலி என்ற பெயர் வேகவேகமாக அழிந்தது. அனுசுயா என்று வந்தது. அவர் முகம் போய் அவள் முகம் வந்தது. தேதியை அவள் தொடவில்லை. வயது அழிந்தது.

சத்தம் நின்றது.

திரையில் ஒரு கோடு மட்டும் மின்னி மின்னி நின்றது.

"அம்பத்தி மூணு," என்றார் வேம்புலி.

அவர் சொல்லவில்லை. வாய் சொல்லிற்று. பழக்கம் சொல்லிற்று.

டக் டக். ஐம்பத்து மூன்று.

போஸ்டர் முடிந்துவிட்டது. பெயர், முகம், வயது, தேதி. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, எந்தப் பேரத்துக்கு அவள் நசரத்பேட்டை போனாள் என்று. யாருடைய தேதியில் அவள் போய்ச் சேர்ந்தாள் என்று.

"உடமாட்டேன்," என்று ஸ்ரீகாந்த் காட்டிய பட்டனை அமுக்கினார்.

மறுபடி ராமன். சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுபடி அந்தச் சத்தமில்லாத கை. ராமன் போனார். வேம்புலி வந்தார். மறுபடி பின்னால் டக் டக்... அனுசுயா வந்தாள். சத்தம் நின்றது.

வேம்புலிக்குத் தமிழில் அடிக்கத் தெரியாது. அவரிடம் இருந்தது வாய் மட்டும்தான். ஊரையே பேசி வளைத்த வாய்.

"அம்பத்தெட்டு," என்றார்.

டக் டக். ஐம்பத்து மூன்று.

"அம்பத்தெட்டு அனு. என் வயசு. எனக்கு வந்தது. நாந்தான் போவணும்."

அழிந்தது. டக் டக். ஐம்பத்து மூன்று.

"கேளு அனு. உனக்கு இன்னா வயசு? நீ இருந்தா இந்தக் கடை ஓடும். நா இருந்து இன்னா பண்ணப்போறேன், ஜெராக்ஸ் எடுக்கவா? போட்டுடு. அம்பத்தெட்டு."

ஐம்பத்து மூன்று.

அவளிடம் ஒரு நாளும் ஒரு பேரத்திலும் அவர் ஜெயித்ததில்லை.

மூன்றாம் தரம் பட்டனை அமுக்கினார். இந்தத் தரம் வாயைத் திறப்பதில்லை. துண்டைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டார். வயது வராவிட்டால் அவள் முடிக்க முடியாது. முடிக்காவிட்டால்...

ராமன் போனார். வேம்புலி வந்தார். அனுசுயா வந்தாள்.

சத்தம் நின்றது. கோடு மின்னிற்று.

அவர் பேசவில்லை.

கோடு மின்னிற்று. காத்திருந்தது. வெளியே ஒரு லோக்கல் ரயில் போயிற்று.

அவர் பேசவில்லை.

அப்போது அனுசுயா என்ற பெயரின் கடைசி எழுத்து போயிற்று. சத்தமில்லாமல்.

பிறகு அதற்கு முன் எழுத்து. நிதானமாக.

வே...

டக் டக் டக்! பின்னால் ஃப்ளெக்ஸ் எகிறிற்று. வே அழிந்தது. அ வந்தது. அ போயிற்று. வே வந்தது. ஒரு கை மெல்ல எழுத, ஒரு கை அடித்து அடித்து அழித்தது. மெல்ல எழுதும் கைக்குக் களைப்பே இல்லை. மேஜை ஆடிற்று. தூசி கொட்டிற்று. விரல் அல்ல, உள்ளங்கையால் அறைவது போல்...

டக் டக் டக் டக் டக்...

அடி தளர்ந்தது. நடுவில் தவறிற்று. மறுபடி எழுந்தது.

வே... ம்...

அவர் விரும்பியது இதுதான். இன்னும் இரண்டு எழுத்து பொறுத்தால் போதும்.

டக்... டக்...

அந்த விரல்களை அவர் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தார்.

வேம்புலி துண்டைத் துப்பினார்.

"அம்பத்தி மூணு," என்றார். "போதும் அனு. அம்பத்தி மூணு. அடிச்சிக்காத."

எல்லாம் நின்றது.

பிறகு ஒரு ஏழெட்டு அடி. பழைய அடி. அனுசுயா. ஐம்பத்து மூன்று.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு போஸ்டரின் அடியில், மெதுவாக, நாலு வரி வந்தது.

முன்னால் நடந்துகொண்டிரு என்பாய் தினமும்.
நடந்துகொண்டிருக்கிறேன்.
அவசரமில்லை.
ஷட்டரை நிதானமாய்ப் போட்டுவிட்டு வா.

வேம்புலி அழுதது எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. எழுந்தபோது லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. மேஜைக்குப் போய் ஃப்ளெக்ஸை எடுத்து, ஒரு வருடத்தில் முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தார்.

அனுசுயா. ஐம்பத்து மூன்று. அந்தத் தேதி. அடியில், அதே நாலு வரி.

கஜபதிக்கு ஃபோன் போட்டார். "மச்சான், உங்க அக்கா ஃப்ளெக்ஸ யார் அடிச்சது?"

"இன்னா மாமா கேக்கற? நீ அடிச்சதுதான?"

அன்று சாயங்காலமே ஃப்ளெக்ஸை எடுத்துக்கொண்டு இருவரும் நசரத்பேட்டை போனார்கள். சித்ரா விரித்துப் பார்த்தாள். ஓரத்தில் அவள் கடை முத்திரை இருந்தது.

"எங்க மிஷின்ல அடிச்சதுதாண்ணா. ஆனா நா பாக்கலியே. அக்கா கடைசியா வந்தப்ப நா ஊர்ல இல்ல, பையனுக்கு மொட்ட அடிக்கப் போயிருந்தோம்." மிஷின் ஓட்டும் பீகார்க்காரரைக் கூப்பிட்டாள். மூன்று வருடமாக அங்கே வேலை செய்கிறவர். தமிழ் பேச வரும். படிக்க வராது.

ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அனு அக்கா! அக்காவே வந்தாங்க. ஃபோட்டோவும் அக்கா, நிக்கறதும் அக்கா. நான் பொறந்தநாள்னு நெனச்சேன். ஹேப்பி பர்த்டே அக்கா, சொன்னேன். அக்கா சிரிச்சாங்க. எனக்கு டீ வாங்கித் தந்தாங்க."

கஜபதி ஃப்ளெக்ஸிலிருந்து கையை எடுத்தான்.

"அன்னிக்கி அக்கா பேரமும் பேசல. கேட்டது குடுத்தாங்க."

சித்ரா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா பென் டிரைவ்ல ரெண்டு ஃபைல். கடை கம்ப்யூட்டர்ல வைக்கல, இதுல மட்டும்தான்னாங்க," என்றார் அவர். "ஒண்ணு அக்கா. இன்னொண்ணு..." வேம்புலியைப் பார்த்தார். நன்றாக உற்றுப் பார்த்தார். "இன்னொண்ணு நீங்கதானே? 'இத அடிக்காத, என் கண்ணு முன்னால அழி'ன்னாங்க. அழிச்சேன். திரும்ப வந்துச்சு. அழிச்சேன். திரும்ப வந்துச்சு. வைரஸ் அக்கா, விட்டுடுங்க, சொன்னேன். அக்கா என்னை எழுப்பிட்டு உக்காந்தாங்க. ரொம்ப நேரம். ரொம்ப வேகமா. அக்காவுக்கு விரல்ல ரத்தம் வந்துச்சு. அப்புறம் அது வரல."

அவர் மேஜையைக் காட்டினார். கீபோர்டு இன்னும் அங்கேதான் இருந்தது. அழிக்கும் பட்டன் இருந்த இடத்தில் ஒரு பள்ளம்.

"அன்னிக்கி உடைஞ்சது," என்றார். "அதுல ரத்தம் காஞ்சிருந்துச்சு. தொடச்சிட்டேன்."

லேப்டாப்பை வேம்புலி ஸ்ரீகாந்திடம் திருப்பிக் கொடுக்கவில்லை. திறப்பதுமில்லை. அந்த ஃபைலில் இப்போது அனுசுயா பெயர் இருக்கிறது. யாரும் அழிக்காதவரை அது காலியில்லை. புதிதாக போஸ்டர் கேட்டு வருகிறவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறார்.

முதலாம் ஆண்டுக்கு அதே ஃப்ளெக்ஸைத்தான் கட்டினார், முகம் வெளியே தெரியும்படி. கடையை இப்போதும் தினமும் திறக்கிறார். சாத்தும்போது ஷட்டரைப் பாதியில் நிறுத்தி, கொஞ்ச நேரம் கேட்டுப் பார்க்கிறார். பின்னால் சத்தம் ஒன்றும் இல்லை.

சத்தமில்லாததுதான் அவருக்குப் பயம். அந்த இன்னொரு கைக்கு எப்போதுமே சத்தம் கிடையாது.